நடை வேகத்துக்கு ஓர் இஞ்சின்

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போகிறேன்; அதனால் பட்டறையிலிருந்து மட்டும் ஓய்வு. பழைய கார்களுக்கு இஞ்சின் மாற்றும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். எதை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று நான் சொல்லத் தேவையில்லை. அது கைப்பழக்கத்தில் வந்துவிடும். எந்த இஞ்சினைப் பூட்டுவது என்று முடிவெடுப்பதில்தான் சிக்கல். அதைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டு எழுதுவது என் பழக்கம். முடிந்தவரை அடக்கிக்கொள்கிறேன்.

தங்கவேல் அய்யாவுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. பல வருடங்களுக்கு முன்பு, மூடிப்போன ஒரு மில்லின் பங்களாவிலிருந்த சாமான்களை விற்றபோது, எல்லாரும் தேக்குக் கட்டிலையும் பீரோவையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒரு சிவப்புக் காரை வாங்கி வந்தார். இத்தாலியில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. கூரையைத் தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம். இஞ்சின் முன்னால் இல்லை. இருக்கைகளுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே குறுக்காகப் படுத்திருக்கும். இது தெரியாமல் முன்பக்க பானெட்டைத் திறந்து பார்த்த ஒவ்வொருவரும், "அய்யய்யோ, இஞ்சினத் தூக்கிட்டாய்ங்களே" என்று அவரிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள்.

துக்கம் விசாரிக்கக் காரணமும் இருந்தது. அந்தக் கார் ஒரு நாளும் அவரிடம் ஓடியதில்லை. வாங்கிய அன்று தள்ளிக்கொண்டு வந்தது, மண்டிக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் போனது, அவ்வளவுதான். வீட்டு விசேஷம் எதுவானாலும் அவருடைய மச்சினர் மாரிமுத்து தொப்பம்பட்டியிலிருந்து வந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க மச்சான், தள்ளுவண்டி நல்லாருக்குதுங்களா?" என்பதுதான். அதன் பிறகுதான் அக்காவை நலம் விசாரிப்பார்.

காரை நம் பட்டறைக்கு இழுத்து வந்த அன்று இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

"பாப்பா, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதேன்" என்றார் தங்கவேல் அய்யா என்னிடம். "வைகாசில எம் மகனுக்குக் கல்யாணம். கோயில்ல தாலியக் கட்டிட்டு, பொண்ணும் மாப்ளையும் இந்த வண்டிலதேன் மண்டபத்துக்கு வரணும். தானா வரணும். எவன் கையும் வண்டி மேல படக்கூடாது."

"கை படாம எப்படிங்க வரும்? கயிறு கட்டி இழுப்பீங்களா?" என்றார் மாரிமுத்து.

"இவன் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். ஊர்வலத்துல முன்னாடி நடந்து வருவான். இவன் திரும்பித் திரும்பிப் பாக்கணும், வண்டி வந்துக்கிட்டே இருக்கணும். புரியுதா பாப்பா?"

புரிந்தது. பழைய இஞ்சினைத் திறந்து பார்த்தோம். பிளாக்கிலேயே விரிசல். வேறு இஞ்சின்தான் வைக்க வேண்டும். எந்த இஞ்சின் என்ற கேள்வி வந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். பட்டியல் போட்டேன்.

எடை, இடம், எந்தக் கியர்பாக்ஸோடு வருகிறது, உதிரிபாகம் எங்கே கிடைக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கிடைக்குமா, சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி ஏறும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். போட்டியில் மூன்று இஞ்சின்கள் இருந்தன. ஒன்று டீசல். அதற்கு ஆதரவாக நின்றவர் மாரிமுத்து மட்டும். "டீசலப் போடுங்கம்மணி. எங்க டிராக்டரு சாணியக் கரைச்சு ஊத்துனாலும் ஓடுதுங்க" என்றார். எடை அதிகம், எரிபொருளை மாற்றினால் அனுமதி வாங்குவதும் பெரும் பாடு என்று சொல்லி அதைக் கழித்தேன். மற்றொன்று, தெருவுக்கு நாலு நிற்கும் சின்னக் காரின் பெட்ரோல் இஞ்சின். கியர்பாக்ஸோடு அப்படியே குறுக்காக வைத்துவிடலாம். ஆனால் சிறுமலை வரிசையில் அதற்கு மதிப்பெண் குறைவு. கடைசியாக, வெளிநாட்டுப் பெரிய கார் ஒன்றிலிருந்து எடுத்த ஆறு சிலிண்டர் இஞ்சின். அதன் சத்தத்தைக் கேட்டதும் எனக்கே மதிப்பெண்ணைக் கூட்டிப் போடத் தோன்றியது. போட்டேன். அதுதான் முதலிடம்.

தங்கவேல் அய்யாவிடம் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பூ மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. மல்லிகை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவர், "ஆறு சிலிண்டரு" என்று சொல்லிவிட்டுத்தான் எடை போட்டிருக்கிறார்.

இஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கவிருந்த வாரத்தில், யார் ஓட்டுவது என்ற பேச்சு எழுந்தது.

"டிரைவரு போட்டுக்கிருவோம்" என்றார் அய்யா.

"இரண்டு சீட்டுதான் இருக்குங்கய்யா. டிரைவர் உட்கார்ந்தா பொண்ணு நடந்து வரணுமா, மாப்பிள்ளை நடந்து வரணுமா?"

அய்யா காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மூன்றாவது இருக்கை எங்காவது இருக்கும் என்று நம்பினார் போல. பிறகு, "அப்ப எம் மகனே ஓட்டட்டும்" என்றார்.

மகன் அரவிந்த் நல்ல பையன். வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறவர். பட்டறைக்கு வந்து, மூன்று மிதிகளையும் பார்த்துவிட்டு, "இதுல கிளட்ச் எதுக்கு இருக்கு?" என்று கேட்டார். அவருக்கு ஆட்டோமேட்டிக் கார் மட்டும்தான் ஓட்டத் தெரியும். அய்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கீர்த்தனா ஓட்டுவாங்கப்பா" என்றார் அரவிந்த்.

கீர்த்தனா என்பது மணப்பெண். சித்தையன்கோட்டையில் அவருடைய அப்பாவுக்கு வாழைக்காய் வியாபாரம். சரக்கு வண்டிக்கு டிரைவர் வராத நாளில் இவர்தான் ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார். மறுநாளே ஸ்கூட்டரில் பட்டறைக்கு வந்தார். இருக்கையில் உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்துப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"அக்கா, இது எம்புட்டு மெதுவாப் போகும்?"

எல்லாரும் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். அல்லது எவ்வளவு மைலேஜ் கொடுக்கும் என்று கேட்பார்கள். எவ்வளவு மெதுவாக என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"முன்னாடி மேளம் போகும்லக்கா. மூலைக்கு மூலை நின்னு வாசிப்பாங்க. சட்டையில காசு குத்துனா இன்னும் செத்த நேரம் நிப்பாங்க. எங்கக்கா ஊர்வலத்துல ஆடு மேச்சுக்கிட்டுப் போன தாத்தா காரத் தாண்டிப் போயிட்டாரு. அப்புறம் வெயிலு. பட்டுச் சேலை கட்டிக்கிட்டு ஒண்ணாவது கியர்லயே போகணும். கிளட்ச்சு லேசா இருந்தாத் தேவல."

அவர் போன பிறகு என் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் காருக்கு நிச்சயமான வேலை ஒன்றே ஒன்றுதான்: வைகாசி வெயிலில், மேளத்துக்குப் பின்னால், நடக்கிற வேகத்தில், நின்று நின்று, ஒரு முறைகூட அணையாமல் போக வேண்டும். என் பட்டியலில் சிறுமலை இருந்தது. மேளம் இல்லை.

நடு இஞ்சின் காருக்கு மெதுவாகப் போவதுதான் கடினம். இஞ்சின் ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். கதவுகளுக்குப் பின்னால் இரு பக்கமும் இருக்கும் துளைகள் வழியாகத்தான் அதற்குக் காற்று போகும். வண்டி ஓடினால்தான் அந்தக் காற்றும் போகும். ரேடியேட்டரோ முன்னால் இருக்கிறது. ஆறு சிலிண்டரை வைத்தால் பெட்டியில் விரல் நுழையவும் இடமிருக்காது, கிளட்ச்சும் கனம். மேளக்காரர்கள் இரண்டாவது மூலையில் நிற்கும்போதே அது கொதித்து நின்றுவிடும். சின்ன இஞ்சினுக்குச் சூடு குறைவு. சுற்றிலும் காற்றுக்கு இடமிருக்கும். மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டேன். சின்ன இஞ்சின் முதலிடத்துக்கு வந்தது.

இனி மார்க்கெட் முழுக்க ஆறு சிலிண்டர் என்று சொல்லிவைத்திருக்கும் மனிதரிடம் இதைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வாடிக்கையாளரிடம் கெட்ட செய்தி சொல்லும்போது இஞ்சினைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் நினைத்திருக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசுங்கள். நான் அவரிடம் ஊர்வலம் போகும் வழியைச் சொல்லச் சொன்னேன். கோயில், கடைவீதி, அவருடைய மண்டி, அதன் வாசலில் மேளத்துக்கு ஒரு நிறுத்தம், அப்புறம் மண்டபம். ஆசையாகச் சொன்னார்.

"இதுல கார் எங்கேயாவது ஓடுதுங்களாய்யா?"

யோசித்தார். "ஓடல."

"நடக்குது. நடக்குறதுக்கு இந்தச் சின்ன இஞ்சின்தான் தோது."

"நடக்குறதுக்கு எதுக்கு பாப்பா ஸ்போர்ட்ஸ் காரு?"

"அத நான் உங்ககிட்டக் கேக்கணுங்கய்யா."

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் காரின் இஞ்சின் அது என்பதுதான் அவருக்கு வருத்தம். கடைசியில் தணிந்த குரலில் கேட்டார்: "வெளிய தெரியுமா?"

"பின் மூடியத் திறந்தாத்தான் தெரியும்."

"அப்பத் தொறக்க வேணாம். நல்ல பூட்டா ஒண்ணு வாங்கித் தாரேன்."

பூட்டி முடித்த விவரங்களை விட்டுவிடுகிறேன். அனுமதி வாங்கினோம், இஞ்சின் உட்கார்ந்தது, ஓடியது. பேகம்பூர் கடைத்தெருவில் நெரிசலான நேரத்தில், தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து சோதித்தேன். வெப்ப முள் நடுவில் நின்றது, நகரவில்லை.

கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடும் கைப்பையில் இரண்டு ஸ்பானரோடும் கோயிலுக்குப் போனேன். கூரையைக் கழற்றிவிட்டுக் காரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அது கார் என்று கண்டுபிடிக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. பூ மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டி ஆட்கள் அன்பாக அலங்கரித்திருந்தார்கள். சக்கரமும் கண்ணாடியும் மட்டும் வெளியே தெரிந்தன. பக்கத்துத் துளைகள் இரண்டும், பின் மூடியில் காற்று போகும் இடுக்குகளும், முன்பக்க வாயும் மல்லிகைக்குள் போயிருந்தன.

"அய்யா, அந்த ஓட்டைகள் வழியாத்தான் வண்டி மூச்சு விடணும்."

"ஓட்டை ஓட்டையாக் கெடந்துச்சு பாப்பா. பாக்க அசிங்கமா இருந்துச்சேன்னு மூடச் சொன்னேன்."

"எடுக்கணுங்கய்யா."

"பூக்காரன் வீட்டுக் கல்யாணத்துல மொட்டைக் காரா? ஊரு என்னைய என்ன சொல்லும்?"

"தள்ளிக்கிட்டுப் போனா என்ன சொல்லும்?"

அவரே கத்தரிக்கோல் வாங்கி வந்தார். பக்கத்திலும் பின்னாலும் இருந்த பூவை வெட்டி எடுத்துக் கதவுகளின் மேல் போட்டோம். முன்னால் வரும்போதுதான் நின்றார். அங்கே ரேடியேட்டரை மறைத்துத் தொங்கியது மண்டி ஆட்கள் போட்ட பூ இல்லை. ரோஜாவும் மரிக்கொழுந்துமாக, முழங்கைப் பருமனில், மாரிமுத்து ஊரிலிருந்து கொண்டுவந்து தன் கையால் சாத்திய மாலை. தாய்மாமன் மாலை. மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, காருக்கு ஒன்று.

"இத மட்டும் தொட முடியாது பாப்பா" என்றார் அய்யா. "கழட்டுனா அவன் அப்படியே பஸ் ஏறிருவான். அவங்கக்கா என்னைய உயிரோட விடமாட்டா." பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "வேணும்னேதேன் போட்டிருக்கான்" என்றார்.

வேண்டுமென்று போட்டிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மாலையை இரண்டு விரல் உயர்த்திக் கட்டிவிட்டு, அடியில் காற்று போனால் போதும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு கடைவீதி வரை சரியாக இருந்தது.

மண்டி வாசலில் மேளம் நின்றது. முதலாளி வீட்டுக் கல்யாணம் என்பதால் மண்டியில் இருந்தவர்கள் மாறி மாறிப் பணம் குத்தினார்கள். நாதஸ்வரக்காரர் வெகுவாக ரசித்து வாசித்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் காரை நெருக்கிக்கொண்டு நின்றது. இருந்த கொஞ்சக் காற்றும் போயிற்று. நான் கதவை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். கீர்த்தனா முன்னால் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்: "அக்கா, முள்ளு ஏறுது."

மாரிமுத்து திரும்பிப் பார்த்தார். தங்கவேல் அய்யா என்னைப் பார்த்தார்.

வழி மூன்று இருந்தது. இஞ்சினை அணைத்துவிடலாம், அணைத்தால் மேளம் கிளம்பும்போது அது திரும்பக் கிளம்பும் என்று என்னால் சொல்ல முடியாது. மாலையை அறுக்கலாம், கார் பிழைக்கும், கல்யாணம் பிழைக்காது. மூன்றாவது வழி, இத்தாலிக் குளிருக்காக அந்தக் காரில் வைத்த ஹீட்டர். இஞ்சினைச் சுற்றிவரும் கொதிநீரின் ஒரு பகுதி அதன் வழியாகவும் போகும். அதைத் திறந்தால் இஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும். வந்து, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்களில் இறங்கும். வைகாசி மாதம், முற்பகல்.

இது நான் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இல்லை. குனிந்து கீர்த்தனாவிடம் சொன்னேன்.

"எந்தத் திருகு?" என்றார்.

காட்டினேன். முழுவதும் திருப்பினார். முள் அங்கேயே நின்றது. அதைவிட உயரவில்லை.

அரவிந்துக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "கீர்த்தி, கீழ தீப்பிடிச்சிருக்கு" என்றார்.

"தீயெல்லாம் இல்லங்க. காலத் தூக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்க. சிரிச்சுக்கிட்டே இருங்க."

போட்டார். ஸ்போர்ட்ஸ் காரில், மாலையும் கழுத்துமாக, மாப்பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தில் ஓர் அம்மா, "பையனுக்கு பக்தி சாஸ்தி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கீர்த்தனாவால் காலைத் தூக்க முடியாது. கிளட்ச்சும் பிரேக்கும் அவர் காலடியில் இருந்தன. "மெட்டி சுடுதுக்கா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். சற்று முன்புதான் போட்ட வெள்ளி மெட்டி. மேளம் நகர்ந்தது. அவர் கிளட்ச்சை விட்ட விதத்தில் காரின் மேலிருந்த ஒரு பூகூட ஆடவில்லை.

மண்டபத்து வாசல் வரைக்கும் ஹீட்டர் ஓடியது. மாரிமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். கார் வந்துகொண்டே இருந்தது. ஆரத்தி எடுத்து முடியும்வரை இஞ்சினை அணைக்க வேண்டாம், ரேடியேட்டர் விசிறி ஓடட்டும் என்று சொன்னேன். அதற்குள் தாய்மாமன் மாலையை மாரிமுத்துவே வந்து கழற்றினார். உள்ளே கொண்டுபோய் மேடையில் மாட்ட வேண்டுமாம். முள் கொஞ்சம் இறங்கிய பிறகு அணைத்தோம். கீர்த்தனா செருப்பில்லாமல் ஈரத் தரையில் சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போகத் திரும்பினார்.

அப்போதுதான் வீடியோக்காரர் ஓடி வந்தார். வாசலுக்குள் கார் நுழைந்ததை எடுக்க முடியவில்லையாம். குறுக்கே ஒரே கூட்டமாம். "ஒருதடவ பின்னாடி போயிட்டுத் திரும்ப வாங்க சார். கல்யாண வீடியோவுலயே அதுதான் முக்கியம்."

தங்கவேல் அய்யா என்னைப் பார்த்தார். "ஸ்டார்ட் ஆகுமா பாப்பா?"

"அணைச்ச கொஞ்ச நேரத்துக்கு உள்ள சூடு இன்னும் ஏறும். ஆகலாம், ஆகாமலும் போகலாம். இப்ப வேண்டாம்னு சொல்லுவேன்."

மச்சினர் முன்னால், ஊர் முன்னால், வண்டியைத் தள்ளுவது என்று அவர் பயந்துகொண்டிருந்த அந்த ஒன்று கடைசியில் வந்து நின்றுவிட்டது. வேண்டாம், வீடியோவே வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். காரின் பின்னால் போய், பின் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"மாப்ள, வாடா. ஒரு கை போடு."

மாரிமுத்துவுக்கே ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க மச்சான், யாரு கையும் படக்கூடாதுன்னீங்களே?"

"அது வர்ற வரைக்கும். வந்துருச்சுல்ல? இனி எவன் தள்ளுனா எனக்கென்ன."

மாரிமுத்து வந்து கை வைத்தார். எதிர்பார்த்ததைவிட எளிதாக உருண்டது. "நல்லாத்தானுங்க ஓடுது" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. கீர்த்தனா திரும்பவும் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். அரவிந்த் இந்த முறை தரையில் கால் வைத்து உட்கார்ந்தார். காரை வாசலுக்கு வெளியே பின்னால் இழுத்துவிட்டு, அய்யாவும் மாரிமுத்துவும் குனிந்தபடி, படத்தில் தலை தெரியாமல் முன்னால் தள்ளினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அந்த வீடியோவை மார்க்கெட்டில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சிவப்புக் கார் துளிச் சத்தமில்லாமல், பூ அசையாமல், மண்டபத்து வாசலுக்குள் மிதந்து வருகிறது. பார்த்தவர்கள் அசந்துபோய், "இம்புட்டு அமைதியா ஓடுதே, என்ன இஞ்சின்?" என்று தங்கவேல் அய்யாவிடம் கேட்கிறார்கள். அவர் ஆறு சிலிண்டர் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. "அதெல்லாம் பட்டறையில போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிடுகிறார். இதுவரை நான்கைந்து பேர் வந்து, தங்கள் காருக்கும் அதே சத்தமில்லாத இஞ்சின் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். இனி உங்களிடம்தான் கேட்பார்கள்.